லிஃப்ட்டில் இருந்தது நான்தான்

முதலிலேயே ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். மனசு சரியில்லை என்று லீவு கேட்டு வந்து நிற்கிறவர்களை எனக்குக் கண்டாலே ஆகாது. இருபத்தாறு வருஷமாக டெல்லியில் ஒரு மத்திய அரசு ஆபீஸில், ஊழியர்களின் லீவு, மெடிக்கல் சர்டிபிகேட், ஃபிட்னஸ் சர்டிபிகேட் எல்லாம் பார்க்கிற செக்‌ஷனில் குப்பை கொட்டுகிறேன். எந்த முதுகுவலி நிஜ முதுகுவலி, எந்த முதுகுவலி மச்சினன் கல்யாணத்துக்குப் போய் ஆடிவிட்டு வந்த முதுகுவலி என்று காகிதத்தைத் தொட்டாலே எனக்குத் தெரிந்துவிடும். வடிவு மேடத்திடம் பொய்க் காய்ச்சல் செல்லாது என்று ஆபீஸில் ஒரு பேச்சு உண்டு. அதை நான் பெருமையாகத்தான் வைத்திருந்தேன்.

அப்படிப்பட்டவள் பதினாலு நாள் ஆஸ்பத்திரியில் கிடந்தேன். அதில் பத்து நாள் மனநல வார்டு. பிறகு நாலு மாதம் வாரத்துக்கு இரண்டு தடவை போய் ஒரு சின்னப் பெண் முன்னால் உட்கார்ந்து பேசிவிட்டு வந்தேன். சிரிக்கிறவர்கள் தாராளமாகச் சிரிக்கலாம். வேறு யாராவது இதை எழுதியிருந்தால் நானும் சிரித்திருப்பேன்.

விஷயம் இது. எங்கள் செக்‌ஷனில் ராம் அவதார் என்று ஒரு பியூன். ஓய்வுபெற மூன்று வருஷம் இருந்தது. ஒரு வெள்ளிக்கிழமை மதியம் கீழே ரெக்கார்ட் ரூமிலிருந்து பழைய ஃபைல் கட்டுகளைத் தூக்கிக்கொண்டு அவரும், அவருக்குப் பின்னால் நானும் லிஃப்ட்டில் ஏறினோம். மூன்றாம் மாடிக்கும் நாலாம் மாடிக்கும் நடுவில் அது நின்றுவிட்டது. கதவை நெம்பித் திறக்க ஐம்பது நிமிஷம் ஆனது. திறந்தபோது நான் தரையில் உட்கார்ந்திருந்தேன், அவர் தலை என் மடியில் இருந்தது, உயிர் இல்லை. மாரடைப்பு என்றார்கள்.

அவர் மனைவி கமலா அதற்கடுத்த ஒரு மாதத்துக்குள் மூன்று தடவை ஆபீஸுக்கு வந்தாள். மூன்று தடவையும் ஒரே கேள்விதான்: அவர் கடைசியாக என்ன சொன்னார்? மூன்று தடவையும் நான் ஒளிந்துகொண்டேன். ஒருதடவை மீட்டிங், ஒருதடவை சாப்பாடு, ஒருதடவை நேராகவே பாத்ரூமுக்குள் போய்த் தாழ் போட்டுக்கொண்டேன். அந்தக் கேள்விக்கு என்னிடம் பதில் இருந்தது. அதுதான் என் நோய். மற்றதெல்லாம் சுற்றி வளைத்தது.

ராம் அவதாரைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். மனுஷனுக்கு ஆபீஸ் ஹிந்தி எழுத்துக்கூட்டிப் படிக்கத்தான் தெரியும். ஆனால் ஒரு ஃபைலை எடுத்துக்கொண்டு போகுமுன் கடைசிப் பக்கத்தைத் திறந்து, கையெழுத்துக்குக் கீழே தேதி இருக்கிறதா என்று பார்ப்பார். இல்லாவிட்டால் வாயைத் திறக்க மாட்டார். ஃபைலைத் திரும்ப நம் மேஜையில் வைத்து, தேதி இருக்க வேண்டிய இடத்தில் விரலை வைத்துக்கொண்டு நிற்பார். அண்டர் செக்ரட்டரியிடமும் அப்படித்தான். எனக்கு அது பற்றிக்கொண்டு வரும். பெரிய இவர், எனக்குத் தேதி போடச் சொல்லித்தர வந்துவிட்டார் என்று நினைப்பேன்.

அவர் போய் ஒரு மாதம் கழித்து எனக்கு ஆரம்பித்தது. கோல் மார்க்கெட் பக்கம் பழைய குவார்ட்டர்ஸில் முதல் மாடி எங்கள் வீடு. காலையில் குளித்துக்கொண்டிருந்தேன். திடீரென்று நெஞ்சை யாரோ முழங்காலால் அழுத்துகிற மாதிரி இருந்தது, விரல்கள் மரத்துப்போயின, காற்றே இல்லை. பாத்ரூம் கதவை உடைக்கிற மாதிரி தட்டினேன். தாழ் என் பக்கத்தில்தான் இருந்தது, அதுகூடத் தோன்றவில்லை. என் வீட்டுக்காரர் சிவசுப்பு ரயில்வே கணக்குப் பிரிவில் இருக்கிறார். நெல்லைக்காரர், பதற மாட்டார். அன்றைக்குப் பதறினார். ஈரத் தலையோடு என்னை ஆட்டோவில் போட்டுக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடினார்.

எமர்ஜென்சியில் ஈசிஜி எடுத்தார்கள். பிறகு ட்ரோபோனின் என்று ஒரு ரத்தப் பரிசோதனை. இதயத்தின் தசை அடிபட்டால் அதிலிருந்து கசிந்து ரத்தத்தில் கலக்கிற பொருள் அது. அது ஏறியிருந்தால் மாரடைப்பு. எனக்கு ஏறவில்லை. விட்டு விட்டு மூன்று தடவை எடுத்தார்கள், மூன்று தடவையும் ஏறவில்லை. எக்கோ எடுத்தார்கள், அதாவது நெஞ்சில் பிசுபிசுவென்று ஒரு ஜெல்லைத் தடவி, கருவியை அழுத்தி, இதயம் அடிப்பதைத் திரையில் பார்ப்பது. அதுவும் சுத்தம். இடுப்பில் ஒரு பெட்டியைக் கட்டி ஒரு நாள் முழுக்க இதயத் துடிப்பைப் பதிவு செய்தார்கள். அதிலும் ஒன்றும் இல்லை. நாலாவது நாள் பெரிய டாக்டர் வந்து, ஹார்ட் பக்கா என்று சொல்லி ஒரு சிரிப்புச் சிரித்தார். அந்தச் சிரிப்பு எனக்குத் தெரியும். பொய் சர்டிபிகேட்டைக் கண்டுபிடித்ததும் நான் சிரிக்கிற சிரிப்பு அது.

அதற்குள் தலையையும் ஒருதடவை பார்த்துவிடுவோம் என்று எம்ஆர்ஐக்கு அனுப்பினார்கள். ஒரு குழாய்க்குள் ஆளைத் தள்ளி, காந்தத்தை வைத்துப் படம் எடுப்பது. கையில் ஒரு ரப்பர் பந்து கொடுப்பார்கள், பயமாக இருந்தால் அமுக்கச் சொல்லி. பாதி தூரம் உள்ளே போனதுமே அமுக்கினேன். வெளியே இழுத்தார்கள். நெஞ்சு வலிக்குது என்றேன். சமாதானம் செய்து மறுபடி தள்ளினார்கள், மறுபடி அமுக்கினேன். மூன்றாவது தடவை என்னை இழுத்துவிட்டு அந்த டெக்னீஷியன் தன் கூட்டாளியிடம் முணுமுணுத்தான்: "நௌட்டங்கி."

ஹிந்தியில் அதற்கு, நடிக்கிறாள், நாடகம் போடுகிறாள் என்று அர்த்தம். அவனைத் திட்டியிருக்க வேண்டும். என் வாய்க்கு அவன் தாங்கியிருக்க மாட்டான். ஆனால் எனக்குக் குரல் வரவில்லை. அதற்கப்புறம் இரண்டு நாள் நான் யாரிடமும் பேசவில்லை, சோறும் இறங்கவில்லை, கதவு சாத்தின எந்த அறையிலும் இருக்க முடியவில்லை. அப்படித்தான் மனநல வார்டுக்குப் போய்ச் சேர்ந்தேன்.

வியாதியின் பெயர் பெரிய பெயர், அதை விடுங்கள். நான் புரிந்துகொண்டது இவ்வளவுதான்: ஒரு பயங்கரம் நடந்து முடிந்துவிட்டது, ஆனால் அது முடிந்தது என்று உடம்பு ஒத்துக்கொள்ள மாட்டேன் என்கிறது. ஃபைல் க்ளோஸ் ஆகிவிட்டது, ஆனால் தினமும் மேஜைக்கு வருகிறது. மாத்திரை கொடுத்தார்கள். மாத்திரை தூக்கத்தைக் கொடுத்தது, அதற்கு மேல் ஒன்றையும் கிழிக்கவில்லை.

வார்டைப் பற்றி என்ன சொல்ல. பத்து மணிக்கு ஒருத்தி வந்து எல்லோரும் கைதட்டிச் சிரியுங்கள் என்பாள். ரிடயர்ட் பாங்க் மேனேஜர் ஒருவர், டை கட்டி ஆயிரம் பேரை மிரட்டியிருப்பார், ஹா ஹா என்று கைதட்டிக்கொண்டே அழுவார். பதினொரு மணிக்குப் பூக்கோலம் மாதிரி ஒரு படத்தைக் கொடுத்து வர்ணம் தீட்டச் சொல்வார்கள். நாற்பத்தொன்பது வயதில் எனக்கு கிரேயான். சுவரில் ஒரு சக்கரப் படம், அதில் கோபம், சோகம், அவமானம் என்று பிரித்துப் பிரித்துப் போட்டு, இன்றைக்கு நீங்கள் எதில் இருக்கிறீர்கள் என்று கேட்பார்கள். எரிச்சல் என்று ஒன்று அதில் இல்லை. நான் பேனா வாங்கி எழுதிவைத்தேன்.

பாத்ரூம் கதவுதான் பெரிய தொல்லை. சாத்தினால் எனக்கு மூச்சு நிற்கும், சாத்தாவிட்டால் மானம் போகும். என் வீட்டுக்காரர் செய்தித்தாளைக் கெட்டியாக மடித்துக் கதவிடுக்கில் செருகி, வெளியே முதுகைக் காட்டிக்கொண்டு நிற்பார். நான் உள்ளே இருக்கிற நேரம் முழுக்கப் பேசிக்கொண்டே இருப்பார், அவர் அங்கேதான் நிற்கிறார் என்று எனக்குத் தெரிய வேண்டுமாம். அந்த மனுஷனுக்குப் பேச என்ன தெரியும்? "ஏட்டி, நான் இங்கனதான் நிக்கேன். வண்டிக்காரன் அவரைக்கா கொண்டாந்தான். முருங்கைக்காயக் காணும்." தினம் காய்கறிப் பட்டியல். போகிற வருகிற நர்ஸ்கள் சிரிப்பார்கள். எனக்கு அவரைக் கட்டிக்கொண்டு அழ வேண்டும் போல இருக்கும். அழவில்லை, முருங்கைக்காய் இல்லாவிட்டால் பூசணி வாங்க வேண்டியதுதானே என்று உள்ளேயிருந்து கத்துவேன்.

டிஸ்சார்ஜ் செய்யும்போதுதான் நேஹாவிடம் அனுப்பினார்கள். டாக்டர்கூட இல்லை, பேசிக் குணப்படுத்துகிற சைக்காலஜிஸ்ட். குர்கானில் ஐடி வேலை பார்க்கிற என் மகள் மீனுவின் வயசு. அவள் அறை நாலாவது மாடி. லிஃப்ட்டில் ஏற முடியாதவளுக்கு நாலாவது மாடியில் வைத்தியம், பாருங்கள் இவர்கள் புத்தியை. படியில்தான் ஏறினேன். என் வீட்டுக்காரர் கூடவே ஏறுவார். ஒவ்வொரு படித் திருப்பத்திலும் நின்று ஷூ கயிற்றை அவிழ்த்துக் கட்டுவார், நான் மூச்சு வாங்கிக்கொள்வதற்காக. மூன்றாவது வாரம் பார்க்கிறேன், அவர் போட்டிருந்தது செருப்பு. அப்போதும் குனிந்துதான் நின்றார்.

முதல் நாள் நேஹா எனக்குச் சிகிச்சையை விளக்கினாள். மனசுக்குள் இருப்பது ஒரே ஆள் இல்லையாம். பல பேராம். அவர்களுக்குப் பார்ட்ஸ் என்று பெயராம். அடிபட்ட ஒருத்தி உள்ளே ஆழத்தில் கிடப்பாளாம். அவளை யாரும் பார்த்துவிடக் கூடாது என்று வாசலில் இன்னும் சிலர் காவல் நிற்பார்களாம். ஒருத்தி வேலை வேலை என்று ஓடுவாள், ஒருத்தி சண்டை போடுவாள், ஒருத்தி மரத்துப்போவாள். காவல்காரியை விரட்டக் கூடாதாம், அவளிடம் மரியாதையாகப் பேசி, அவள் அனுமதி கொடுத்த பிறகுதான் உள்ளே இருப்பவளைப் பார்க்க வேண்டுமாம். கேட்டுவிட்டு, எனக்குப் பார்ட்ஸ் வேண்டுமென்றால் கரோல்பாகில் ஸ்கூட்டர் கடைக்குப் போவேனே, இங்கே எதற்கு வந்தேன் என்றேன். அவள் கோபித்துக்கொள்ளவில்லை. கோபித்துக்கொள்ளாதவர்களைக் கண்டால் எனக்கு இன்னும் ஆத்திரம் வரும்.

வீட்டில் மீனு கேட்டாள். சொன்னேன். அவள் தமிழும் ஹிந்தியுமாக, "அம்மா, அச்சா ஹி தோ ஹை, நல்லதுதானே, ட்ரை பண்ணு" என்று சொல்லிவிட்டு என் போனில் மூச்சுப் பயிற்சிக்கு ஒரு ஆப் இறக்கிக் கொடுத்தாள். அதில் ஒரு வட்டம் ஊதி ஊதிச் சுருங்கியது. அதைப் பார்த்தாலே எனக்கு மூச்சு முட்டியது.

நேஹாவின் அறையில் கலர் கலராக மெத்தை திண்டுகள். ஒவ்வொரு திண்டும் ஒரு ஆள் என்று வைத்துக்கொண்டு பேச வேண்டுமாம். மூன்று வாரம் நான் திண்டுகளோடு மல்லுக்கட்டினேன். உண்மையைச் சொன்னால், அவள் சொன்ன அமைப்பு எனக்குப் புரிந்துவிட்டது, அதுதான் எரிச்சல். செக்ரட்டரியைப் பார்க்க வேண்டுமென்றால் முதலில் பி.ஏ. மனசு வைக்க வேண்டும், பி.ஏ.வைத் தாண்டிக் கதவைத் தள்ளினால் இரண்டு பேரும் எதிரியாகிவிடுவார்கள். இதைச் சொல்ல ஒரு படிப்பா? ஆபீஸில் நான் இருபத்தாறு வருஷமாகச் செய்கிற வேலை இது.

ஒருநாள் கேட்டாள், இந்த அறைக்கு வந்ததிலிருந்து யார் அதிகமாகப் பேசுகிறார்கள் என்று. நான்தான் என்றேன். இல்லை, கிண்டல் பண்ணுகிறவள் பேசுகிறாள், அவளைக் கொஞ்சம் கேட்போம் என்றாள். சிவப்புத் திண்டை எடுத்து எதிரில் வைத்தாள். இந்தக் கிண்டல்காரி எந்த பாஷையில் பேசுகிறாள் என்று கேட்டாள். யோசிக்காமல் ஹிந்தி என்று சொல்லிவிட்டேன். சொன்ன பிறகு எனக்கே ஆச்சரியமாக இருந்தது. வீட்டில் வாயைத் திறந்தால் திருநெல்வேலி. ஆனால் யாரையாவது இளக்காரமாகப் பேச வேண்டுமென்றால் எனக்கு ஹிந்திதான் வருகிறது.

எவ்வளவு நாளாக இந்த வேலையில் இருக்கிறாள் என்று கேட்டாள். இதுவும் யோசிக்காமல் வந்தது. இருபத்து மூன்று வயதில் நான் இங்கே க்ளார்க்காக வந்து சேர்ந்தேன், ஒரு வார்த்தை ஹிந்தி தெரியாது. முதல் மாதம் நான் வாயைத் திறந்தபோதெல்லாம் செக்‌ஷனே சிரித்தது. நான் பேசுவதை எனக்கே நடித்துக் காட்டினார்கள். ஒரு வருஷத்தில் ஹிந்தி கற்றுக்கொண்டு முதலில் சிரிக்கிற ஆளாக நான் மாறிவிட்டேன். அதற்கப்புறம் யாரும் என்னைப் பார்த்துச் சிரித்ததில்லை. நேஹா அந்தத் திண்டைப் பார்த்து, நன்றாகத்தான் வேலை செய்திருக்கிறாள் என்றாள். கிண்டலாகச் சொல்கிறாளோ என்று அவள் முகத்தைப் பார்த்தேன், இல்லை. நான் அந்தத் திண்டை எடுத்து மடியில் வைத்துக்கொண்டேன். ஒரு திண்டைப் பாராட்டினதற்கே இப்படி என்றால் என் நிலைமையைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

பிறகு கேட்டாள்: "அவள் இந்த வேலையை நிறுத்திவிட்டால் என்ன ஆகும் என்று பயப்படுகிறாள்?"

நான் பதில் சொல்லவில்லை. அன்றைக்கு மட்டுமில்லை, அடுத்த இரண்டு வாரமும் சொல்லவில்லை. போக மாட்டேன் என்று வீட்டில் சண்டை போட்டேன். வேலை வெட்டி இல்லாதவளிடம் போய் உட்கார நான் என்ன பைத்தியமா என்றேன். என் வீட்டுக்காரர் செருப்பை மாட்டிக்கொண்டு வாசலில் நின்றார். போனேன்.

அன்றைக்கு நேஹா ஒன்று சொன்னாள். உள்ளே இருக்கிறவள் ஹிந்தி பேசாதவளாக இருந்தால் தமிழிலேயே பேசட்டும், எனக்குப் புரிய வேண்டியதில்லை, உங்களுக்குப் புரிந்தால் போதும் என்றாள். கேட்கிறதற்குத்தான் அவளுக்குச் சம்பளம், ஆனால் கேட்பது புரிய வேண்டியதில்லையாம். நல்ல உத்தியோகம் என்று வாய்வரைக்கும் வந்தது. அதைச் சொல்லாமல் தமிழில் பேச ஆரம்பித்தேன். எங்கள் ஊர்த் தமிழில், டெல்லிக்கு ரயிலேறின பெண் பேசுகிற மாதிரி, இதுவரை யாரிடமும் சொல்லாததை அந்த அறையில் தமிழ் தெரியாத ஒருத்திக்கு முன்னால் சொன்னேன்.

லிஃப்ட் நின்றதும் மெயின்டனன்ஸுக்கு போன் போட்டேன். லிஃப்ட் நின்றுவிட்டது, வாருங்கள் என்று மட்டும் சொன்னேன். ராம் அவதார் ஃபைல் கட்டின் மேல் உட்கார்ந்துகொண்டு, மேடம்ஜி, நெஞ்சு வலிக்கிறது என்றார். அன்று காலையில்தான் அவர் அரைநாள் லீவு கேட்டிருந்தார், நான் மறுத்திருந்தேன். வெள்ளிக்கிழமை வேறு. திங்கட்கிழமை லீவுக்கு இப்போதே ஒத்திகை பார்க்கிறார் என்று நினைத்தேன். இருபத்தாறு வருஷ அனுபவம் அல்லவா. நௌட்டங்கியை நிறுத்து என்றேன்.

அவர் நிறுத்திவிட்டார். அதுதான் என்னால் தாங்க முடியாதது. அதற்குமேல் அவர் வலிக்கிறது என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை. சட்டையைப் பிடித்துக்கொண்டு வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தார், ஏனென்றால் மேடம் நிறுத்தச் சொல்லிவிட்டாள். நான் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றேன். அவர் பக்கவாட்டில் சரிந்த பிறகுதான் கத்தினேன், மறுபடி போன் போட்டேன், தண்ணீர் கொடுத்தேன், தலையை மடியில் எடுத்து வைத்தேன். முதல் போனுக்கும் இரண்டாவது போனுக்கும் நடுவில் பன்னிரண்டு நிமிஷம். என் போனிலேயே இருக்கிறது. மூன்று மாதமாக அதை அழிக்காமல் வைத்திருந்தேன்.

சொல்லி முடித்தபோது எனக்கு நெஞ்சு வலிக்கவில்லை. அழுகைதான் வந்தது, கேவிக் கேவி, அசிங்கமாக. அழுகை அடங்கினதும் நேஹா, சிவப்புத் திண்டு இப்போது என்ன சொல்கிறது என்றாள். நாடகம் போடாதே என்கிறது என்றேன். யாரிடம் சொல்கிறது என்று கேட்டாள். என்னிடம்தான். அந்த வெள்ளிக்கிழமையிலிருந்து தினமும் என்னிடம்தான்.

அந்தப் பன்னிரண்டு நிமிஷத்தை நான் ஆபீஸில் எங்கே புதைத்தேன் என்பதையும் சொல்லிவிடுகிறேன். விசாரணைக்கு என்னிடம் எழுத்தில் வாக்குமூலம் வாங்கியிருந்தார்கள். நான் எழுதினது இப்படி: மேற்படி ஊழியர் உடல்நலக் குறைவை உணர்ந்ததாகத் தெரிகிறது, உடனடியாக உதவி கோரப்பட்டது. யார் உணர்ந்தது, யாரிடம் சொன்னது, யார் கோரினது, ஒன்றும் கிடையாது. எங்கள் ஆபீஸில் எல்லாமே அப்படித்தான் எழுதுவோம். செய்யப்பட்டது, கோரப்பட்டது, அனுப்பப்பட்டது. செய்த ஆளே இருக்க மாட்டான். அதிலே தப்பு கண்டுபிடிக்க யாராலும் முடியாது, நான் அதில் கெட்டிக்காரி. விசாரணை முடிந்து, ராம் அவதார் தன் வியாதியை மறைத்துவிட்டார், யார் மேலும் குற்றமில்லை என்று எழுதி ஃபைலைக் கட்டிவிட்டார்கள்.

சிகிச்சை முடிகிற சமயம் ஃபிட்னஸ் சர்டிபிகேட் வாங்கிக்கொண்டு வேலையில் சேர்ந்தேன். என் சர்டிபிகேட்டை என் மேஜையில் நானே பார்த்து அனுப்ப முடியாது என்பதால் பக்கத்துச் செக்‌ஷன் பையன் பார்த்தான். உற்று உற்றுப் பார்த்தான், படுபாவி. நான் நேராக ரெக்கார்ட் ரூமுக்குப் போய் அந்த விசாரணை ஃபைலை எடுத்தேன். என் வாக்குமூலம் இருந்தது. என் கையெழுத்து இருந்தது. அதற்குக் கீழே தேதி இல்லை. அத்தனை ஆபீஸர் மேஜைக்குப் போய் வந்திருக்கிறது, ஒருத்தர் கண்ணிலும் படவில்லை. விரலை வைத்துக்கொண்டு நிற்க ஆள் இல்லை.

புதிதாக ஒரு வாக்குமூலம் எழுதி அண்டர் செக்ரட்டரியிடம் போனேன். உடனடியாக என்பது பொய், பன்னிரண்டு நிமிஷம் என்று எழுதியிருந்தேன். அவர் படித்தார். கண்ணாடியைக் கழற்றினார். மேடம், உங்களுக்கு உடம்பு சரியில்லை, ரெஸ்ட் எடுங்கள், இதெல்லாம் அந்த ட்ரீட்மென்ட் பேச வைக்கிறது என்றார். பார்த்தீர்களா? நான் பொய் எழுதினபோது ஆரோக்கியமாக இருந்தேன். உண்மையை எழுதினதும் நோயாளி. அவர் அதை டிராயருக்குள் தள்ளப் பார்த்தார். நான் வாங்கிக்கொண்டு போய், வருகிற காகிதங்களைப் பதிவு செய்கிற டயரி செக்‌ஷனில் நம்பர் போட்டு உள்ளே விட்டேன். டயரி நம்பர் விழுந்த காகிதத்தை யாரும் முழுங்க முடியாது. அதன் மேல் என்ன நடவடிக்கை வரும் என்று இதை எழுதுகிறபோது எனக்குத் தெரியாது. வந்தால் வரட்டும்.

கமலாவுக்கு ஆள் சொல்லி அனுப்பினேன். மறுநாள் காலை நான் படியேறிக்கொண்டிருந்தேன். ஆபீஸிலும் இப்போது நான் படியில்தான். மூன்றாம் மாடிக்கு மேலே திருப்பத்தில் மூச்சு வாங்க நின்றபோது கீழிருந்து அவள் ஏறி வந்தாள். அவளும் அந்த லிஃப்ட்டில் ஏறுவதில்லை. இதற்கு முன் மூன்று தடவையும் அந்த நாலு மாடியைப் படியில் ஏறித்தான் வந்திருக்கிறாள், நான் பாத்ரூமுக்குள் போய்த் தாழ் போட்டுக்கொண்ட அன்றைக்கும்.

இந்த முறை நான் ஓடவில்லை. அங்கேயே படியில் உட்கார்ந்தேன், அவளும் உட்கார்ந்தாள். உள்ளே ஒருத்தி, மேடம் பியூன் பெண்டாட்டியோடு படியில் உட்கார்ந்திருக்கிற அழகைப் பார் என்று ஆரம்பித்தாள். கொஞ்சம் பொறு என்று அவளிடம் சொல்லிவிட்டு, எல்லாவற்றையும் கமலாவிடம் சொன்னேன். நான் லீவு மறுத்ததை, அவர் வலிக்கிறது என்றதை, நான் சொன்ன வார்த்தையை, அந்த ஹிந்தி வார்த்தையை அப்படியே.

கமலா அதே கேள்வியைக் கேட்டாள், கடைசியாக என்ன சொன்னார் என்று.

"நான் நிறுத்து என்றதும், 'ஜி, மேடம்ஜி' என்றார். அதுதான் கடைசி."

அவள் முகம் கோணியது. என்னை அறைவாள் என்று நினைத்தேன், அறைந்தால் நன்றாக இருக்கும் என்றும் நினைத்தேன். அவள் முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டாள். அவர் வியாதியை மறைத்தார் என்று ஆபீஸ் சொல்கிறது, என் பையன்கூட அப்பா மறைத்துவிட்டார் என்று அவர் மேல் கோபமாக இருக்கிறான், இதை எழுதிக் கொடுங்கள் என்றாள். மன்னித்தேன் என்று சொல்லவில்லை. நான் கேட்கவும் இல்லை.

பையிலிருந்து காகிதம் எடுத்து, மடியில் வைத்து, ஹிந்தியில் எழுதினேன். நான் அவருக்கு லீவு மறுத்தேன். அவர் வலிக்கிறது என்று என்னிடம் சொன்னார். நான் நம்பவில்லை. நான் பன்னிரண்டு நிமிஷம் உதவி கேட்கவில்லை. ஆபீஸ் காகிதத்தில் இத்தனை 'நான்' போட்டு நான் எழுதினதே இல்லை. கீழே முழுப் பெயரையும் எழுதிக் கையெழுத்துப் போட்டு நீட்டினேன்.

கமலா எழுத்துக்கூட்டி முழுவதையும் படித்தாள். மடிக்கப் போனவள் நிறுத்தி, மறுபடி விரித்து என் மடியில் வைத்தாள். என் கையெழுத்துக்குக் கீழே வெற்றிடத்தில் விரலை வைத்துக்கொண்டு பேசாமல் காத்திருந்தாள்.

தேதி போட்டேன்.